எழுத்துக்கு ஓர் ஆள்

தமயந்தி டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் இல்லை. உப்பளத்தை ஒட்டி நின்ற பழைய கிடங்கு ஒன்றில் குடியிருந்தார். படம் வரைய மாட்டார், சிலை செய்ய மாட்டார். மனிதர்கள் பேசும் சொற்களை வைத்தே கலை செய்தார். ஒருமுறை ஒரு பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க நின்று, “வந்துட்டியா” என்ற ஒரே சொல்லை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கேட்டார். அதுதான் படைப்பு. பார்க்க வந்தவர்களும் கூட நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பலர் ஒரு வாரத்தில் ஓடிப்போனார்கள். டீச்சர் வாயைத் திறந்தால் வசவுதான். ஓடாமல் தங்கியவர் இன்பராஜ் ஒருவர். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். டீச்சரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். டீச்சர் அவரை அண்ணாச்சி என்று மரியாதையாகக் கூப்பிடுவார், கூப்பிட்ட கையோடு திட்டுவார். இன்பராஜ் “டீச்சர்” என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வார்.

அந்த வருஷம் கிணற்றுக்குப் பூட்டு விழுந்தது.

சுற்றிலும் கரித்துக் கிடக்கும் நிலத்தில் நல்ல தண்ணீர் ஊறிய ஒரே கிணறு அது. உப்பளத் தொழிலாளர் காலனி அதைத்தான் குடித்தது. டீச்சரின் கிடங்கும் அதைத்தான் குடித்தது. உப்புக் கம்பெனி பக்கத்து நிலத்தை வாங்கியது, அளந்தது, கிணறும் தன் எல்லைக்குள்தான் வருகிறது என்றது. சுற்றிலும் கம்பி வேலி போட்டுப் பூட்டியது. தண்ணீர் வேண்டுமானால் கம்பெனி லாரியில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்றது. நாளெல்லாம் உப்பில் நின்று காலெல்லாம் வெடித்தவர்களிடம் தண்ணீருக்குக் காசு கேட்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். கம்பெனிக்கு அது இருந்தது.

காலனிக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். கொடுத்த ஆளின் பெயரைப் பார்த்துக் கம்பெனி அவனை வேலையை விட்டு நிறுத்தியது. அதன்பிறகு யாரும் மனுக் கொடுக்கவில்லை.

கம்பெனியின் நீண்ட மதில் சுவரில் எழுத ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் வாட்ச்மேன் சாப்பிடப் போகும் நேரம். காவி கரைத்த வாளி ஒன்று சுவரோரம் வந்து உட்காரும். அதில் நுனி நசுக்கிய பனைமட்டை ஒன்று கிடக்கும். வேலை முடிந்து வருகிற ஒரு பெண் ‘கி’ என்று எழுதிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். பின்னால் வருகிறவர் ‘ண’ போடுவார். அடுத்து ஒரு கிழவர், அடுத்து ஒரு கல்யாணமாகாத பிள்ளை. ஆளுக்கு ஓர் எழுத்து, அதற்கு மேல் கிடையாது. ஒருவர் இரண்டாவது எழுத்தைத் தொட்டால் பின்னால் வருகிறவர் கையைத் தட்டிவிடுவார். வாட்ச்மேன் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பும்போது சுவரில் ‘கிணற்றைத் திற’ என்று இருக்கும்.

கம்பெனி விசாரித்தது.

“எழுதினது யாரு?”

“நான் ஒரு எழுத்துதான் போட்டேன். அது என்னன்னே எனக்குத் தெரியாது,” என்றார்கள் எல்லாரும், சுவரைத் தொடாதவர்களும்கூட. ஒரே எழுத்துக்காக யாரை என்ன செய்ய முடியும்? கம்பெனி சுண்ணாம்பு அடிக்கும். மறுநாள் மத்தியானம் மறுபடியும் எழுத்து எழுந்து நிற்கும்.

இன்பராஜ் இதைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கக் கிடங்குக்கு ஓடி வந்தார்.

“டீச்சர், இத்தனை வருஷமா நாம தேடினது இதுதான். ஒரு வாக்கியம், அதுக்கு எழுதினவனே இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே வாயா நிக்கிறாங்க.”

“தண்ணி இல்லாம நிக்கிறாங்க,” என்றார் டீச்சர்.

அது இன்பராஜ் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. சென்னையில் பெரிய கண்காட்சி ஒன்றுக்கு அவருக்கு அழைப்பு வந்திருந்தது. வாழ்க்கையில் முதல் அழைப்பு. சுவரைப் படம் எடுத்தார். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினார். கீழே ‘கிணற்றைத் திற – கலைஞர்: இன்பராஜ்’ என்று அச்சடித்து டீச்சர் முன்னால் விரித்தார்.

“இதை எழுதினது யாரு?” என்று கேட்டார் டீச்சர்.

“ஜனங்க.”

“கீழ இருக்கது யார் பேரு?”

“என் பேரு.”

டீச்சர் கத்தியை எடுத்து அந்தக் கீழ்ப்பட்டையை மட்டும் நீளமாக அறுத்து எடுத்தார். சுருட்டி இன்பராஜின் சட்டைப் பையில் திணித்தார்.

“ஊரு தொண்டை வறண்டு கத்துது. அதுக்கு அடியில போயி கையெழுத்துப் போடுதீங்களே, கூசலையா உங்களுக்கு?”

இன்பராஜுக்குக் கூசியது. உண்மையாகவே கூசியது. அன்று அவர் சாப்பிடவில்லை. டீச்சர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. அடுத்தவர் உழைப்பில் தன் பெயரை ஏற்றிவிட்டோம், அதை உரியவர்களிடமே ஒப்படைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். கலைஞர்களுக்கு வரும் நல்ல புத்தி இப்படித்தான் வரும்.

அந்தச் சமயம் பார்த்து டீச்சர் திருநெல்வேலியில் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தார். இன்பராஜ் காலனிக்குப் போனார். சுவரைப் படம் எடுத்த அன்று எழுதியவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும், பார்த்துக்கொண்டு நின்றவர்தானே. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் எழுத்தைப் பலகையில் எழுதிக் கொடுத்துப் படம் எடுத்தார். எழுதியவர்களில் ஒருத்தியான சந்தனமாரி தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெரியவர் உச்சிமாகாளி சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு நின்றார்.

“இது எதுக்கு அண்ணாச்சி?” என்று சந்தனமாரி கேட்டாள்.

“சென்னையில பெரிய ஹால்ல வைப்பாங்கம்மா.”

“வைக்கட்டும். மெட்ராஸுக்காரனுக்காவது தெரியட்டும்.”

அவர்கள் பூரித்துப் போனார்கள். மறுக்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி அவர்களோடு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். படத்துக்குக் கீழே பெயர் வரும் என்று அவர் சொல்லவில்லை. வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தார். சந்தனமாரி, கணவர் பெயர், உப்பளத் தொழிலாளி என்று ஒவ்வொன்றையும் தன் கையால் அழகாக எழுதினார். தன் பெயரை எங்கேயும் போடவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கண்காட்சியில் கூட்டம் அந்தப் படங்களுக்கு முன்னால்தான் நின்றது. செய்தித்தாள் ஒன்று எல்லாப் படங்களையும் பெயர்களோடு வரிசையாகப் போட்டு, ‘எழுத்தறியா மக்களின் எழுத்து’ என்று தலைப்புக் கொடுத்தது. சந்தனமாரி பத்தாவது வரை படித்தவள்.

மறுநாள் காலை உப்பள வாசலில் அந்தச் செய்தித்தாள் ஒட்டப்பட்டிருந்தது. படத்தில் இருந்த ஒருவரையும் உள்ளே விடவில்லை.

அதற்கு அடுத்த நாள் சந்தனமாரி கிடங்குக்கு வந்தாள். டீச்சர் திருநெல்வேலியிலிருந்து அப்போதுதான் வந்து பையை இறக்கியிருந்தார். சந்தனமாரி செய்தித்தாளை இன்பராஜின் மடியில் போட்டாள்.

“நல்லாருக்கு அண்ணாச்சி. படம் தெளிவா விழுந்திருக்கு. மேனேஜருக்குத் தேடுற வேலை மிச்சம்.”

“நான் உங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். உங்க பேரு வெளியே தெரியணும்னு.”

“எங்க பேரு எங்களுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்? அதை மறைக்கத்தானே ஆளுக்கு ஒரு எழுத்தா எழுதுனோம். கூடவே நின்னு பாத்தீய. பாத்துமா புரியல?”

இன்பராஜ் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

“இனி எவ வருவா எழுத? நேத்து மத்தியானம் வாளியை வச்சோம். ஒருத்தரும் தொடல. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாவ. பூட்டு கிணத்துல மட்டும்தான் இருந்துச்சு. நீரு எங்க வாயிலயும் போட்டுட்டீரு.”

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். “உங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன். உங்க ஆளுதானே.”

“ஆமா,” என்றார் டீச்சர்.

சந்தனமாரி போய்விட்டாள். இன்பராஜ் எழுந்தார். அவர் அப்படிக் குரலை உயர்த்தி டீச்சர் பார்த்ததில்லை.

“என் பேரை வெட்டி எறிஞ்சது நீங்கதானே?”

“நான்தான்.”

“சரின்னு அவங்க பேரைப் போட்டேன். அதுவும் இப்ப பாவமாப் போச்சு. வேற யார் பேரைத்தான் போட?”

“பேரைப் போடுன்னு நான் சொன்னேனா?”

“போடாதேன்னும் நீங்க சொல்லலையே.”

டீச்சர் செய்தித்தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

“சொல்லல. வெட்டத் தெரிஞ்ச அளவுக்கு எனக்கு விளக்கத் தெரியல. அந்தப் பொம்பள போட்டுட்டுப் போன சூட்டுல பாதி எனக்குத்தான்.”

இன்பராஜுக்கு அது போதவில்லை. மூலையில் இருந்த காவியைக் கரைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

“எங்க போறீங்க?”

“நானே எழுதப் போறேன். மொத்தத்தையும். பட்டப்பகல்ல, என் பேரோட. பிடிக்கிறவன் என்னைப் பிடிக்கட்டும்.”

டீச்சர் தடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

மதில் சுவர் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது. வாட்ச்மேன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இன்பராஜ் அவன் கண் முன்னாலேயே ‘கிணற்றைத் திற’ என்று ஆள் உயரத்துக்கு எழுதினார். வங்கியில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, எழுத்து முத்து முத்தாக விழுந்தது. கீழே தன் பெயரை எழுதி ஒரு கோடும் இழுத்தார்.

வாட்ச்மேன் உள்ளே ஓடினான். மேனேஜர் வந்தார். எரிந்து விழப்போகிறார் என்று இன்பராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மேனேஜர் சுவரைப் படித்தார், கீழே இருந்த பெயரைப் படித்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“ஒரே ஆள்தானா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். உட்காருங்க.”

நாற்காலி வந்தது. மோர் வந்தது. இன்பராஜ் குழம்பிப்போய் உட்கார்ந்தார். மேனேஜர் ஒரு தாளை எடுத்துச் சில வரிகள் எழுதி நீட்டினார். சுவரில் இதுவரை எழுதியதெல்லாம் நான் ஒருவனே, கலைக்காக எழுதினேன், காலனி மக்களைப் படத்துக்கு நிற்க வைத்ததும் நான்தான், அவர்களுக்கும் இந்த வாசகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அதில் இருந்தது.

“இதுல ஒரு கையெழுத்து. நாளைக்கே அத்தனை பேரையும் வேலைக்கு எடுத்துக்கிறேன்.”

“உங்க மேல கேஸ்கூடப் போட மாட்டோம்,” என்று சேர்த்துக்கொண்டார்.

இன்பராஜின் கண் கலங்கியது. செய்த தவறு இவ்வளவு சுலபமாக நேராகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பேனாவுக்குக் கை நீட்டினார்.

செய்தி காலனிக்குள் அதற்குள் போயிருந்தது. சந்தனமாரி வந்தாள். உச்சிமாகாளி வந்தார். படத்தில் இருந்தவர்களும் இல்லாதவர்களுமாக வாசலுக்கு எதிரே வந்து தள்ளி நின்றார்கள். டீச்சர் இன்பராஜின் கையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“வேலை போனது அவுகளுக்கு. அவுக கேக்கட்டும், பொறவு போடுங்க.”

தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சந்தனமாரி ஓரெட்டு முன்னால் வந்தாள்.

“அண்ணாச்சி கையெழுத்துப் போட்டா நாளைக்கு நாங்க வேலைக்கு வரலாமா சார்?”

“தாராளமா வாங்க.”

“கிணறு?”

“என்ன கிணறு?”

“பூட்டிக் கெடக்க கிணறு.”

மேனேஜர் சிரித்துக்கொண்டே தாளைத் தட்டினார். “அதை நீங்க யாரும் கேட்கவே இல்லைன்னுதாம்மா இதுல எழுதியிருக்கு. கேட்டது இந்த சார். இவருக்கு இந்த ஊரே கிடையாது.”

சந்தனமாரி தாளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அவளுக்கு வீட்டில் அடுப்பெரிய வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். அவள் புருஷன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, “வா, போயிரலாம்” என்பதுபோலத் தலையை அசைத்தான்.

“கேட்டது நாங்க,” என்றாள் சந்தனமாரி.

அவள் இன்பராஜின் பக்கம் திரும்பினாள்.

“எங்க பேரை எங்களைக் கேக்காம குடுத்தீரு. இப்ப எங்க பேச்சையும் எங்களைக் கேக்காம குடுக்கப் பாக்கீரு. நீரு எடுத்துக் குடுக்கதுக்கு இது என்ன உம்ம வீட்டுச் சொத்தா?”

இன்பராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். டீச்சர் சுண்ணாம்பு வாளி கிடந்த இடத்துக்குப் போனார். கம்பெனியின் வாளி, கம்பெனியின் மட்டை. அதை வைத்தே இன்பராஜ் எழுதியதை அடித்து மூடினார். முதலில் பெயர் போனது. பிறகு வாசகம் போனது. யாரும் தடுக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பவரை எதற்காகத் தடுப்பது என்று வாட்ச்மேனுக்குப் பிடிபடவில்லை.

வெள்ளை காய்வதற்கு முன்பே டீச்சர் இன்பராஜின் வாளியிலிருந்த மட்டையைக் காவியில் தோய்த்து ‘கி’ என்று எழுதினார். மட்டையைத் திரும்ப வாளியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

யாரும் நகரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மேனேஜர் நிழலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்கச் சிலர் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார்கள். ஒருவர் மெல்ல நழுவிப் போனார்.

சந்தனமாரி போய் மட்டையை எடுத்தாள். ‘ண’ என்று எழுதினாள். அவசரப்படவில்லை. எழுதிவிட்டு மட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றாள். உச்சிமாகாளி வந்து வாங்கினார்.

“எங்க மூஞ்சிதான் பேப்பர்லயே வந்துட்டே. இனி என்ன?” என்று சொல்லிக்கொண்டே தன் எழுத்தைப் போட்டார்.

சந்தனமாரியையும் சேர்த்துப் படத்தில் வந்தவர்கள் நாலு பேர் முதலில் எழுதினார்கள். அவர்கள் முடித்தபோது வாசகம் முடியவில்லை. அப்போதுதான் படத்தில் வராத ஒரு பெண் முந்தானையைத் தோளுக்கு இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் நாத்தனார். வாசகம் முடிந்தது. ஆட்கள் முடியவில்லை. அடுத்து நின்றவர் பக்கத்தில் மறுபடியும் ‘கி’ என்று ஆரம்பித்தார்.

“பேரைக் குறிச்சுக்கோ,” என்று மேனேஜர் வாட்ச்மேனிடம் கத்தினார். “ஒருத்தர் விடாம எழுது.”

வாட்ச்மேன் சுவரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “சார், யாரு எந்த எழுத்தப் போட்டாங்கன்னு பிடிபட மாட்டேங்கு. காலனியே வந்து நிக்கி. குறிக்கணும்னா மொத்தக் காலனியத்தான் குறிக்கணும். நாளைக்கு உப்பு வார ஆளு வேணாமா சார்?”

மேனேஜர் போன் பேச உள்ளே போனார். யாரைக் கூப்பிடப் போனாரோ தெரியாது. யாரும் அதற்காக நிற்கவில்லை. எழுத்து, சுவர் முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஒன்று சாய்ந்து, ஒன்று பருத்து, ஒன்று காவி வழிந்து, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல்.

இன்பராஜ் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவரை யாரும் வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் விரட்டவில்லை. அவருக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்தார்கள். அவர் முறை வந்தபோது சந்தனமாரி வாளிக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

“ஒண்ணுதான் அண்ணாச்சி,” என்றாள்.

இன்பராஜ் ஓர் எழுத்து எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். தன் வாழ்நாளில் இதைவிடப் பெரிய படைப்பைப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. அழுகை வந்தது.

“டீச்சர்.”

“என்ன?”

“எனக்கு இப்பவும் தெரியல டீச்சர். நிஜமாவே கேக்கிறேன். இதுக்குக் கீழ யார் பேரைப் போடறது?”

டீச்சரின் கோபம் தணிந்திருக்கவில்லை. காவியும் சுண்ணாம்புமாக இருந்த கையை நீட்டி வேலிப் பக்கம் காட்டினார்.

“கிணறு தொறந்திருக்கா அண்ணாச்சி?”

இன்பராஜ் திரும்பிப் பார்த்தார். கம்பி வேலிக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“இல்ல டீச்சர்.”

“அப்ப இது இன்னும் எழுதி முடியல. முடியாததுக்கு என்னத்துக்குப் பேரு? மட்டையைப் பின்னால நிக்கவுககிட்ட குடுங்க.”